மூன்று இருபதுக்கு வரும் பெயர்

"செத்த ஆளின்ரை போன் வைஃபை பிடிக்குமோ, பிள்ளை?"

லூர்த்தம்மா அன்ரி ஒருநாள் இப்படிக் கேட்டார். இணையம் மெதுவாக வருகிறதென்று என்னைக் கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பழைய ரவுட்டர்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியவள் நான். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது.

ரவுட்டரின் பதிவில், வைஃபை பிடித்த போன்களுக்குள், 'எமில்ராஜ்' என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் போனுக்கு அந்தப் பெயரைப் போன வருடம் நான்தான் பதிந்து வைத்தேன். எமில் அண்ணை அன்ரியின் ஒரே மகன். இரண்டு மாதங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தார். அன்ரி அவருடைய சட்டைப் பைக்குள் போனை வைத்த பிறகுதான் சவப்பெட்டியை மூடினார்கள்.

அந்தப் போன் நாள்தோறும் பின்னேரம் மூன்று இருபதுக்கு வந்து, பத்து நிமிடம் நின்று போயிருந்தது. அது அன்ரி செபமாலைக்குப் போகும் நேரம்.

"உயிரோடை இருக்கேக்கையும் என்ரை டேற்றாவைத்தான் திண்டவன்," என்று சிரித்தார் அன்ரி. பிறகு குரல் மாறியது. "அவன் கூப்பிடுறான். குழியைத் திறக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை பாதரிட்டைக் கேக்கப்போறன். அதுக்குள்ளை என்னெண்டு பாத்துச் சொல்லு."

மறுநாள் என்னை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார். அன்ரியின் கணவர் அருட்செல்வன் அங்கிள் தோட்டத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மூன்று இருபதுக்குப் பெயர் வந்தது. என் கையிலிருந்த போனைவிட அதற்குச் சிக்னல் அதிகம்; எங்கோ பக்கத்தில்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எமில் அண்ணையின் பூட்டிய அறை.

"அப்பா, கொடிகாமத்திலை நிக்கிறன். மாங்காய் வேணுமோ?"

எமில் அண்ணையின் குரல்தான். கடைசியில் அதே சிரிப்பு. சற்றுப் பொறுத்து, முதலிலிருந்து மறுபடியும் அதே வார்த்தைகள், அதே சிரிப்பு.

கதவைத் தள்ளினேன். இப்போது பூட்டியிருக்கவில்லை. அங்கிள் நிலத்தில் உட்கார்ந்து, மகனின் பழைய குரல்செய்தி ஓடும் போனைக் காதில் வைத்திருந்தார். பின்கதவால் வந்திருக்கிறார்.

"பெட்டியை மூடமுதல் எடுத்திட்டன், பிள்ளை. அவளுக்குத் தெரிஞ்சால் என்னைப் பாக்கவே மாட்டாள். சொல்லிப்போடாதை."

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: 'போனை இயக்கினால் பழைய வைஃபையைத் தானாகவே பிடிக்கும். வைஃபையை அணைத்துவிடுங்கள். பதிவில் பெயர் விழாது.' அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பெயர் நின்றால் அன்ரி குழியை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். பழுதொன்றைத் திருத்திவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"நீ காட்டித்தந்தபடி பதிவைப் பாத்தன், மூண்டு நாளாய் அவன்ரை பெயர் வரேல்லை. ஏன் பிள்ளை?"

"ரவுட்டர் முந்திப் பிழையாய்க் காட்டியிருக்கும், அன்ரி."

"அப்ப அவன் வரவே இல்லையோ?"

"இல்லை, அன்ரி."

அன்ரி பொத்தியிருந்த கையை விரித்தார். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் மணக்கும் ஈரத்தாள். மை ஊறிப் பரவியிருந்தாலும் என்னுடைய எழுத்தை வாசிக்க முடிந்தது.

அதைக் கிழியாமல் நீவி என் மேசையில் வைத்தார். படலையைத் திறந்துகொண்டு போனார்.