தறிக்காரி குரல்

மெர்சி டிக்கெட் கேட்டதில், மூங்கில்பள்ளம் சரணாலயத்துப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் ஓடிவிட்டன. அவள் ஒன்றும் சண்டைக்குப் போகவில்லை. "ஏனுங்க, மலையேறி நடக்கறதுக்கு மூணு டிக்கெட்டுங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவளின் மரியாதை அந்தச் சத்தத்தில்தான் வரும். முப்பது தறி ஒன்றாக அடிக்கிற கொட்டகையில் காது பாதி போயிருந்தது. தான் மெதுவாகப் பேசுவதாகவே அவள் எப்போதும் நம்பினாள்.

"மெதுவாப் பேசும்மா" என்று மகள் ரோஸ்லின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது வயது. இழுத்த கையோடு இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

அந்த இரண்டடிதான் மெர்சிக்குப் பொறுக்கவில்லை. போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு ரேங்க் கார்டு வாங்கப் போனவள், "என்ற புள்ள கணக்குல எத்தனைங்க டீச்சர்?" என்று கேட்டது பக்கத்து மூன்று வகுப்புக்கும் கேட்டு, பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கையெழுத்துப் போட அப்பாவைத்தான் வரச் சொல்கிறாள் மகள். அப்பா பிரான்சிஸுக்கும் அதே கொட்டகைதான். அவன் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் தப்பித்துக்கொண்டான். வருகிற திங்கட்கிழமை காலாண்டு ரேங்க் கார்டு. அதற்கும் அப்பாதான் என்று முந்தாநாளே சொல்லிவிட்டாள் ரோஸ்லின்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். தறி நிற்பது வருடத்தில் இப்படி ஏதோ நாலைந்து நாள்தான். விடிவதற்குள் கிளம்பி, காந்திபுரம், உக்கடம், பொள்ளாச்சி என்று நாலு பஸ் மாறி, முதலாளி கொடுத்த பூஜைப் பொரியைப் பையில் கட்டிக்கொண்டு மலைக்கு வந்திருந்தார்கள். மகள் தன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நடக்க வேண்டும். மெர்சி ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அன்றைக்குக் கடைசிக் குழுவைக் கூட்டிப்போக மீதமிருந்தவர் வனத்துறை வாச்சர் நஞ்சுண்டன் ஒருவர்தான். அந்தக் குழுவில் ஏற்கெனவே பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் திருமூர்த்தி, அவர் மனைவி, பிள்ளைகள் தீபக், அக்ஷயா என்று நாலு பேர் இருந்தார்கள். குடும்பத்தோடு போகிற நடைபாதை அது. குழந்தைகளே ஏறிவிடலாம். உச்சியில் ஒரு பாறை, அங்கே நின்றால் அணை முழுசும் தெரியும்.

"நீங்க எந்த ஊருங்க?" என்று விசாரித்தார் திருமூர்த்தி.

"கருமத்தம்பட்டிங்க."

"அங்க எந்தப் பக்கமுங்க?"

"சர்ச்சுக்குப் பின்னால காலனிங்க."

"ஓ" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' கூட வரவில்லை. வாச்சரிடம் திரும்பி, "ஏனுங்க, இந்தம்மா தொண்டைக்குக் காடே காலியாயிரும். இவிகள சபாரி வண்டியில ஒரு சுத்து சுத்தி அனுப்பிப்போடுங்க" என்றார்.

நஞ்சுண்டன் தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷன் இல்லை. "ஆனைக் கூட்டம் குட்டியோட இந்தப் பக்கந்தான் சுத்துதுங்கம்மா. சத்தம் ஆகாதுங்க. வண்டியில போயிட்டு வந்துருங்களேன்" என்றார்.

ரோஸ்லின் தலை குனிந்துகொண்டாள். மெர்சிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிறார்கள், சர்ச்சில் திரும்பிப் பார்க்கிறார்கள், இப்போது காட்டிலும் இடமில்லையா?

"சத்தம் போடாம நடக்கோணும், அவ்வளவுதானுங்களே?" என்றாள். மான்கள் அங்கே இருந்திருந்தால் இன்னொரு முறை ஓடியிருக்கும். "நடக்கறோம். எங்க மூணு பேத்துல ஆரு வாயில இருந்தாச்சும் ஒரு சத்தம் வந்தா, அந்த எடத்துலயே திரும்பிக்கூட்டிட்டு வந்துருங்க. வண்டியில நான் ஏற மாட்டனுங்க."

"பத்தடி தாண்டாது" என்று சிரித்தார் திருமூர்த்தி.

பத்தடி தாண்டியது. நூறடியும் தாண்டியது. மூங்கில் புதர்களுக்கு நடுவே பாதை ஏறத் தொடங்கியதும் நஞ்சுண்டன் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். அந்த மூவரும் பேசாமல் வரவில்லை, ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். காதில்தான் ஒன்றும் விழவில்லை.

தறிக் கொட்டகையில் யாரும் வாயால் பேசி வேலை நடக்காது. உதட்டை அசைத்தால் போதும், எதிர் வரிசையில் இருப்பவர் படித்துக்கொள்வார். மீதியைக் கை சொல்லும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்தது. முஷ்டியை மடக்கிப் பக்கவாட்டில் இழுத்தால் தறியை நிறுத்து. ரோஸ்லின் அந்தக் கொட்டகையில் தூளியில் கிடந்து வளர்ந்தவள், தாய்மொழி மாதிரி அவளுக்கு அது வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்றுதான் ஒரு வருடமாக மறந்ததுபோல் நடித்தாள்.

'அந்த மாமா ஷூவைப் பாரு' என்றன மெர்சியின் உதடுகள். திருமூர்த்தி பளபளவென்று ஷூ போட்டு வந்து, ஈரமண்ணில் வழுக்கி வழுக்கி ஏறிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் சிரிப்பை அடக்கத் திண்டாடினாள். 'கோழி மாதிரி நடக்கறாரு' என்று கையாலேயே பதில் சொன்னாள். பின்னால் வந்த பிரான்சிஸ்கூடத் தோள் குலுங்கச் சிரித்தான். அவ்வளவு நேரம் கழித்து மகளின் கை தானாக வந்து மெர்சியின் கைக்குள் நுழைந்தது.

சத்தம் வந்தது மற்ற பக்கத்திலிருந்துதான். காலில் அட்டை ஏறியதும் அக்ஷயா வீலென்று அலறினாள். தீபக் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டான். அதட்டுகிறேன் என்று திருமூர்த்தி அவர்களைவிடச் சத்தம் போட்டார். "இதுவே கடைசிங்க. இன்னொருக்கா கேட்டா திரும்பிருவோம்" என்று நஞ்சுண்டன் விரலை உயர்த்தினார். மெர்சி வாயை இறுக மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். சொல்ல ஆயிரம் இருந்தது.

பாறைக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவு. நஞ்சுண்டனோடு முதலில் திரும்பியவர்கள் மெர்சியும் ரோஸ்லினும்தான். மூங்கில் மறைவில், நாற்பதடிகூட இருக்காது, காது விசிறியபடி ஒரு தாய் யானை நின்றது. காலடியில் குட்டி.

நஞ்சுண்டன் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வளைவுக்குக் கீழே, போட்டோ எடுப்பதற்காகத் திருமூர்த்தி குடும்பத்தோடு பாதையை விட்டு இறங்கி, அந்த மூங்கிலுக்கு மறுபக்கமாகவே ஏறி வந்துகொண்டிருந்தார். குரல் கொடுத்தால் யானை திரும்பும். கொடுக்காவிட்டால் அவர்கள் நேராக அதன் முன்னால் வந்து நிற்பார்கள். முப்பது வருடக் காட்டு அனுபவத்துக்கு அந்த நிமிடம் ஒன்றும் ஓடவில்லை.

மெர்சி கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். கீழே அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் கடைசியாக வந்த பிரான்சிஸின் கண்ணில் பட்டது அந்தக் கை. முஷ்டியை மடக்கி இழுத்தாள். நிறுத்து. உதடுகள் நிதானமாக அசைந்தன: 'யானை. குட்டி இருக்கு. அவிகளப் பிடி. பின்னால போ.'

பிரான்சிஸ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டே எட்டில் திருமூர்த்தியின் தோளைப் பிடித்து, மறு கையால் அவர் வாயைப் பொத்தினான். காலனிக்காரன் கை பட்டதில் அவர் கண் பிதுங்கியது. பிறகு பிரான்சிஸ் காட்டிய திசையில் மூங்கிலுக்கு இடையே அசைந்த சாம்பல் நிறம் தெரிந்தது. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் ஓசைப்படாமல் பின்வாங்கியது.

தாய் யானை குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு ஓடைக்கு இறங்கிப் போயிற்று. அதன் பின்னால் இன்னும் ஐந்து யானைகள் போயின. எல்லாம் போய் முடிந்த பிறகுதான் ரோஸ்லின் மூச்சு விட்டாள்.

"கூட்டம் கீழ போயிருச்சுங்க. மேல இனிப் பயமில்லீங்க. போலாங்களா, திரும்பலாங்களா?" என்று கிசுகிசுத்தார் நஞ்சுண்டன்.

"திரும்பிரலாமுங்க" என்றார் திருமூர்த்தி. குரல் எழும்பவேயில்லை.

மெர்சி பாறையைக் கை நீட்டிக் காட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேலே நடந்தாள். நஞ்சுண்டன் அவள் பின்னால் நடந்தார். வேறு வழியில்லாமல் பல்லடத்துக்காரரும் நடந்தார். பாறை மேல் உட்கார்ந்து எட்டுப் பேரும் பொரி தின்றார்கள், அணை வெயிலில் மின்னியது.

அடிவாரத்துக்குத் திரும்பியதும் திருமூர்த்திக்கு உயிரும் வந்தது, குரலும் வந்தது. "பரவால்லயே, உனக்கு வாய மூடவும் தெரியுதே" என்றார். பாராட்டுகிறாராம்.

மெர்சி முழுத் தொண்டையைத் திறந்தாள். "தெரியுமுங்க. எப்ப மூடறது, எப்பத் தொறக்கறதுன்னு நாந்தான் முடிவு பண்ணுவனுங்க."

டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மெர்சி பழக்கத்தில் மகள் பக்கம் பார்த்தாள், இரண்டடி தள்ளிப்போயிருப்பாள் என்று.

ரோஸ்லின் நகரவில்லை. "அம்மா, திங்கக்கிழமை ரேங்க் கார்டு வாங்க நீ வா" என்றாள்.

மெர்சி உதட்டை மட்டும் அசைத்தாள். 'சத்தமாப் பேசுவனே கண்ணு.'

"பேசு!" என்று கத்தினாள் ரோஸ்லின். அவள் தாயின் குரலேதான். அப்போதுதான் புல்வெளிக்குத் திரும்பி வந்திருந்த மான்கள் மறுபடியும் ஓட்டம் பிடித்தன.