கடல்கூலி

"பில் வேணுமோ தம்பி?" என்று அம்பிகை தானாகவே கேட்டாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை என்பது இதுதான். நெடுந்தீவைச் சுற்றிப் பார்க்க வந்த பகல்நேரச் சனத்தைப் போலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் நின்ற இரண்டு இளந்தாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்காமலே கிடைக்கிறது என்ற அதிசயம் அவர்களின் முகத்தில் இருந்தது. அம்பிகை அதை வெயில் களைப்பு என்று எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலுக்குரிய பில்லை நிதானமாக எழுதினாள். முதல் வரியில் தண்ணீர், போத்தலில் அச்சடித்த விலை. இரண்டாவது வரியில் கடல்கூலி, அதற்கொரு சிறு தொகை. கீழே கோடு இழுத்துக் கூட்டி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தாள்.

அந்தத் தீவில் பில் கொடுக்கிற கடை அவளுடையது ஒன்றுதான். மற்றக் கடைகளில் வாயில் வருவதுதான் விலை, அதை யாரும் தப்பாகவும் நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வரும் பெட்டியைக் குறிகட்டுவான் துறையில் இறக்க ஒரு கூலி, படகில் ஏற்ற ஒரு கூலி, படகுக்காரனுக்குப் பெட்டிக் கணக்கில் ஒரு கூலி, இந்தப் பக்கம் இறக்கி லாண்ட்மாஸ்டர் இழுவை வண்டியில் கடைக்குக் கொண்டுவர இன்னுமொரு கூலி. இத்தனையையும் கொம்பனிக்காரன் அச்சடித்த விலைக்குள் அடக்கு என்றால் யாருக்கு ஏலும்? எல்லாரும் விலையோடு கலந்து வாங்கினார்கள். அம்பிகை மட்டும் பிரித்து எழுதினாள். அவளுடைய தகப்பன் மாத்தறையில் கடை வைத்திருந்தபோது அப்படித்தான் செய்தாராம். எழுதி வாங்கினால் கூலி, ஒளித்து வாங்கினால் களவு என்பது அவருடைய பேச்சு. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இளந்தாரிகளில் ஒருவன் தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் காட்டினான். ஜெனுஷன் என்று பெயர் போட்டிருந்தது. விலைக்கட்டுப்பாட்டு அதிகாரி.

"அன்ரி, இந்த ரெண்டாவது வரி குற்றம்."

"அது தண்ணிக்குரிய காசு இல்லைத் தம்பி. தண்ணி இஞ்சை வந்து சேர்ந்ததுக்குரிய காசு."

"போத்தலிலை போட்ட விலைக்கு மேலை ஒரு சதம் எடுத்தாலும் குற்றம்தான். நீங்கள் எழுதியெல்லோ தந்திருக்கிறியள்."

அவன் பில்லை மடிக்காமல், கசங்காமல், ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தான். அம்பிகை பேனையை மூடினாள். "மற்றக் கடையளுக்கும் போனனீங்களோ?" என்று கேட்டாள். போனவர்களாம். துறைமுகத்தடியில் அரியநாயகத்தின் கடையில் எழுதின விலைக்கே தந்தார்களாம். எழுதின விலையா, அரியநாயகமா? அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அன்று பின்னேரமே அரியநாயகம் துக்கம் விசாரிக்க வந்தார். தீவின் பெரிய கடை அவருடையது. சொந்தமாகச் சரக்குப் படகும் உண்டு. படகில் வேலை செய்கிற பெறாமகன், கூடப்பிறந்தவரின் பொடியன், தொப்பிக்காரர் இரண்டு பேர் ஏறிவிட்டார்கள் என்று குறிகட்டுவானிலிருந்தே அவருக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறான்.

"உமக்கும் சொல்லியிருப்பன். உம்மட நம்பர் என்னட்டை இல்லாமல் போச்சு," என்றார்.

"என்ர நம்பர் கடைப் பலகையிலை எழுதிக் கிடக்கண்ணை."

அவர் பலகையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், பிறகு புத்தி சொன்னார். வழக்கு நாளில் கோட்டில் குற்றவாளி என்று சொல்லிவிட வேண்டும், தண்டத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும், எல்லாரும் அப்படித்தான். இனிமேல் பில் எழுதாமல் இருந்தால் சரி. "எழுத்துத்தான் உம்மைப் பிடிச்சுக் குடுத்தது," என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் அம்பிகையை இன்னும் கோபப்படுத்தியது.

தண்டம் சின்னத் தொகையில்லை. சட்டத்தில் போட்டிருக்கும் ஆகக் குறைந்த தண்டமே அவளுடைய ஒரு வருச லாபத்தை விழுங்கும். ரொறன்ரோவிலிருந்து தம்பி யோகரத்தினம் போன் எடுத்தான். அவன் கெட்டவனில்லை. அக்காமேல் உயிர். அவளுடைய புருஷன் செத்த நாளிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறேன் என்று நிற்கிறான், அவளும் வேண்டாம் என்று நிற்கிறாள்.

"அக்கா, நான் தண்டத்தைக் கட்டுறன். ஆனா அதோடை கடையைப் பூட்டவேணும். உனக்கென்ன குறை? நான் இருக்கிறன்தானே."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்று வைத்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? கடை போனால் அவள் தம்பியின் கையைப் பார்த்திருக்கிற பொம்பிளை. ஒவ்வொரு மாதமும் காசு வந்து சேர்ந்ததா என்று அவன் கேட்பான், ஓம் என்று இவள் சொல்ல வேண்டும். அன்போடுதான் கேட்பான். அந்த அன்பை நினைக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. இப்போது அவளுடைய வீட்டில் எரிகிற விளக்கு முதல் காலில் கிடக்கிற செருப்பு வரை கடை தந்தது. குற்றவாளி என்று சொன்னால் தண்டம், தண்டம் வந்தால் தம்பி, தம்பி வந்தால் பூட்டு.

வழக்கு வரும்வரை அவள் கடல்கூலி எடுக்கவில்லை. எடுக்காமல் புதுச் சரக்கு ஏற்றவும் ஏலாது. இருந்ததை அச்சடித்த விலைக்கே விற்று முடிக்க, தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கடை நிழலுக்கு வந்து நிற்கிற தீவுக் காட்டுக் குதிரை மட்டும் வாடிக்கையை விடவில்லை. இந்தக் கடையில் சீனி முடிந்த கிழமையே அரியநாயகத்தின் கடையில் சீனி விலை ஏறியது. பிறகு சவுக்காரம், பிறகு மா. அவர் பில் எழுதுவதில்லை, ஆகவே குற்றமும் இல்லை.

வழக்கு நாளன்று அவளுடைய சட்டத்தரணி கோபிகா ஊர்காவற்றுறைக் கோட்டு வாசலில் வைத்து மெல்லச் சொன்னாள். "அன்ரி, சட்டம் கொழும்புக்கும் நெடுந்தீவுக்கும் ஒண்டுதான். அதுக்குள்ளை கடல் இல்லை. குற்றவாளி எண்டு சொல்லுங்கோ, நான் இரக்கம் காட்டச் சொல்லிக் கேக்கிறன்."

"இரக்கத்தை வைச்சு நான் என்ன செய்யிறது பிள்ளை?"

அவளுக்கு முன்னால் கூண்டில் ஏறியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். விலை போடாத பேக்கரிக்காரர் குற்றவாளி. திகதி முடிந்த பால்மா விற்றவர் குற்றவாளி. கோயில் வரிசையைப் போல அது நகர்ந்தது, முன்னால் போகிறவர் கும்பிட்டால் பின்னால் வருகிறவரும் கும்பிடுவார். அம்பிகையின் முறை வந்தது. குற்றப்பத்திரம் வாசித்தார்கள். குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்டார்கள்.

"சுற்றவாளி."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கோபிகா கண்ணை மூடித் திறந்தாள். நீதவான் பிளாஸ்ரிக் உறையைத் தூக்கிப் பார்த்து, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார்.

"ஓம் ஐயா, நான்தான் எழுதினனான். தண்ணியை எழுதின விலைக்குத்தான் வித்தனான். மற்றது கடல். ஒளிச்சு வைச்சிருந்தால் நான் இஞ்சை நிண்டிருக்கமாட்டன்."

நீதவான் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வழக்கு விளக்கத்துக்கு ஒரு திகதி குறித்தார். அதுவரை அச்சடித்த விலைக்குமேல் எதையும் விற்கக்கூடாது, விற்றால் பிணை இல்லை என்றும் சொன்னார். அம்பிகை கூண்டால் இறங்கினாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதில் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம். அதைத் தம்பிக்குச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பான்.

சந்தோஷம் குறிகட்டுவான் வரைக்கும்தான் நின்றது. துறையில் லொறிக்காரன் அவளுடைய பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தான். எல்லாரையும் போலக் குற்றவாளி என்று சொல்லி, பில் எழுதாமல் வாயால் விற்கலாம் என்று ஒரு பலவீனமான நேரத்தில் சொல்லி எடுப்பித்த சரக்கு. இனி அந்தக் கதை இல்லை. கூலி கொடுத்து ஏற்றினால் ஒவ்வொரு பெட்டியிலும் நட்டம். அவள் ஒரு சவுக்காரப் பெட்டியின்மேல் குந்தியிருந்து கடலைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் எவ்வளவு நேரம் கடலைப் பார்க்கலாமோ, அவ்வளவு நேரமும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்த யோகம்மா, அவளுடைய வாடிக்கைக்காரி, பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினாள்.

"பிள்ளை, இதுக்குள்ளை சீனி கிடக்கோ? அரியநாயகத்திட்டை வாங்கக் கட்டாது."

கிடந்தது. அம்பிகை பெட்டியை உடைத்து அச்சடித்த விலைக்குக் கொடுத்தாள். யோகம்மா சீனியைத் தன் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, அரசாங்கப் படகில் ஏறி உட்கார்ந்தாள். பெட்டிக்குத்தான் கூலி. கையில் தூக்கிப் போகிற பைக்கு யாரும் கூலி கேட்பதில்லை. அம்பிகை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மற்றப் பெட்டிகளையும் உடைத்தாள்.

மறுநாள் நெடுந்தீவில் அவளுடைய கடைப் பலகையில், தொலைபேசி நம்பருக்குக் கீழே, சாக்கட்டியால் எழுதியிருந்தது: 'சாமான் குறிகட்டுவான் துறையில். எழுதின விலை. தூக்கிக் காவுவது உங்கள் பாடு.' அவள் துறையில் ஒரு பெரிய குடையின்கீழ் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். வங்கிக்குப் போனவர்கள், படிப்பித்துவிட்டுத் திரும்பும் ரீச்சர்மார், கந்தோர் அலுவலாய்ப் போனவர்கள், திரும்பும்போது எல்லாரும் வாங்கினார்கள். தங்களுக்கு வாங்கினார்கள், பயணம் போக ஏலாத பக்கத்து வீட்டுக்கும் வாங்கினார்கள். பின்னேரப் படகில் மடி காலியான ஆளே இல்லை. மாச் சாக்குக்கு இடம்விட்டு ஆட்கள் ஒடுங்கி இருந்தார்கள். "நெடுந்தீவுக்கு இனிக் கலியாணச் சீர் மாதிரித்தான் போகவேணும்," என்று ஒரு ரீச்சர் பகிடி விட்டாள். முறுமுறுத்தவர்களும் இருந்தார்கள். தோள் நோகிறது என்று அம்பிகையையே பேசினார்கள், பேசிக்கொண்டே தூக்கினார்கள். அரியநாயகத்தின் சரக்குப் படகு பாதி பாரத்தோடு போய்வரத் தொடங்கியது.

மூன்றாம் கிழமை ஜெனுஷன் வந்தான். இந்த முறை தொப்பி இல்லை.

"அன்ரி, உங்களிலை ஒரு முறைப்பாடு வந்தது."

"ஆர் குடுத்தது எண்டு கேக்கமாட்டன். பாரும்."

அவன் பார்த்தான். ஒவ்வொரு பொதியாகத் திருப்பி விலையைப் பார்த்தான், விற்ற பில்களைப் பார்த்தான். எல்லாம் எழுதின விலை. "இந்த இடத்துக்கு அனுமதி இருக்கோ எண்டு பிரதேச சபை கேக்கும்," என்றான், தன் வேலையில்லாத விசயத்தை மெல்ல நீட்டுகிற குரலில்.

"கேக்கட்டும். அவைக்கும் பில் தாறன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். இனி நெடுந்தீவுக் கடைகளைப் பார்க்க அடுத்த படகில் போக வேண்டும் என்றான். பெரிய கடையைத்தான் முதலில் பார்ப்பானாம். அரியநாயகத்தின் பெறாமகன் சரக்குப் படகில் கயிறு சுற்றிக்கொண்டு நின்றான், தொலைபேசி காதில் இருந்தது. வெயிலில் ஜெனுஷனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு தண்ணீர்ப் போத்தல் கேட்டான். அம்பிகை எழுதினாள். முதல் வரியில் தண்ணீர், போத்தலில் அச்சடித்த விலை. இரண்டாவது வரியில் கடல்கூலி என்று எழுதி, அதற்கு நேரே ஒன்றும் போடாமல் விட்டாள்.

"இது ஏன் அன்ரி?"

"கடல் இருக்குத்தானே தம்பி. இண்டைக்கு நீர் காவிறீர்."

வழக்குத் திகதிக்கு இன்னும் நாள் கிடந்தது. தம்பியும் இரண்டு தரம் எடுத்திருந்தான், அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஜெனுஷன் பில்லை இந்த முறை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படகில் ஏறினான். இருக்கை இருந்தது, ஆனால் கால் வைக்க இடமில்லை. அவன் இருந்ததும், பக்கத்தில் பைகளுக்குள் புதைந்திருந்த யோகம்மா மடியிலிருந்த சீனிச் சாக்கைத் தூக்கி, "தம்பி, இதைக் கொஞ்சம் பிடியும்," என்று அவனுடைய மடியில் வைத்தாள். படகு துறையை விட்டு விலகியது. அம்பிகை குடைக்கு வெளியே வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நடுக்கடல் வரைக்கும் அவன் அந்தச் சாக்கைக் கட்டிப்பிடித்தபடிதான் இருந்தான், கீழே வைக்க இடமில்லாமல்.