மேல போ

அப்பாவின் ஆள்காட்டி விரலிலிருந்து ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பைக் கழற்றி, மகள் அவர் நடுவிரலில் மாட்டிப் பார்த்தாள். அதே எண். தொண்ணூற்று நாலு.

"பார்த்தியா? ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமா, அம்மாவின் தம்பி. "நீ சும்மா பயந்து சாகாதே."

எண் நன்றாகத்தான் இருந்தது. உதடுகள்தான் நீலம் பாரித்துக் கிடந்தன. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா என்று இருந்தது. எதை நம்புவது?

பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நாள்கணக்கில் கண் மூடாதவளை மத்தியானம்தான் பிடித்துத் தள்ளாத குறையாகப் படுக்க வைத்திருந்தார்கள். "பாவம் தூங்கட்டும்னு விட்டுடாதே. நேரம் நெருங்கினா எழுப்பிடு. நான் பக்கத்துல இல்லாம அவர் போயிட்டார்னா உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்," என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் தலையைச் சாய்த்தாள். இப்போது எழுப்பி, ஒன்றுமில்லை என்றால் அம்மா மறுபடி படுக்கவே மாட்டாள். எழுப்பாமல் இருந்து, ஏதாவது ஆகிவிட்டால்?

அப்பாவும் விமானி, மகளும் விமானி. அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் ஓடுதளம். அதன்மேல் எத்தனை சண்டை! விமானம் சரியான சரிவில் இறங்குகிறதா என்று சொல்ல இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, விமானிக்கு முன்னால் இருக்கும் கருவியின் ஊசி. தரையிலிருந்து வரும் அலையைப் பிடித்து, மேகத்துக்குள்ளேயும் வழி காட்டும். இன்னொன்று, ஓடுதளத்தின் ஓரத்தில் எரியும் நாலு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரி. நாலும் சிவப்பென்றால் ரொம்பத் தாழ்ந்துவிட்டாய் என்று அர்த்தம்.

"கண்ணு ஏமாத்தும்ப்பா. சுத்தி இருட்டா இருந்தா ரொம்ப உயரத்துல இருக்கிற மாதிரியே தோணும். ஊசிக்கு அந்தப் பிரமை கிடையாது," என்பாள் இவள்.

"உன் ஊசி வாசல் வரைக்கும்தான் வரும் குட்டி. கடைசியில தலையைத் தூக்கி வெளியே பார்த்துத்தான் ஆகணும்."

"ரெண்டும் வேற வேற சொன்னா?"

"அப்ப உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தக் கூடாது. மேல போயிடணும்."

இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறிவிடுவதற்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். சமையலில் உப்புக் கூடிவிட்டால்கூட அம்மா, "தட்டைக் கொடுங்க, மேல போயிடலாம். வேற செய்யறேன்," என்பாள்.

அப்பாவின் உதடு அசைந்தது.

"மேல... மேல போ..."

மாமா உடைந்துபோனார். "மேல போறேன்னு சொல்றாரும்மா அத்தான். மனசைத் தேத்திக்கிட்டார். மகராசன்!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை. பயந்துபோயிருந்தார். இறங்க மாட்டேன், ஏற்றிவிடு என்று மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவளால் ஏற்ற முடியாது.

எண்ணை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள். "அம்மா, எந்திரிம்மா. வா, சீக்கிரம்."

அம்மா அவிழ்ந்த தலையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அந்த விரல்கள் அவள் கையை இறுக்கின.

"மேல... போ..."

"வேண்டாங்க," என்றாள் அம்மா. விமானி அறைக்குள் அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அவர் காதருகே குனிந்தாள். "ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு. எனக்கு நல்லாத் தெரியுது. சரியாத்தான் வர்றீங்க. பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். இறங்குங்க."

அப்பா சிரமப்பட்டு ஒரு மூச்சை இழுத்தார். அதை மெல்ல விட்டார். இறுகியிருந்த விரல்கள் தளர்ந்தன. அடுத்த மூச்சு வரவில்லை.

"அத்தான்!" என்று அலறிக்கொண்டு மாமா முன்னால் வந்தார்.

அம்மா நிமிரவில்லை. இன்னொரு கையை மட்டும் உயர்த்தித் தம்பியைத் தடுத்தாள்.

"சத்தம் போடாதேடா. இப்பத்தான் தரையைத் தொட்டிருக்கார். பிளேன் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நிக்கட்டும்."

மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.