ரிம்மாவின் ஐந்தாவது குண்டு

“அந்த ஐந்தாவது குண்டு உன்னுடையதுதானே?”

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் பயிற்றுநர் ரிம்மாவிடம் அப்படிக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலால் ரஷ்ய அணியில் இடம், பதினொரு பனிக்காலப் போட்டிகள், அஞ்சலோட்டத்தில் ஒரு வெள்ளிப் பதக்கம் எல்லாம் வந்து சேர்ந்தன. குண்டு தன்னுடையதுதானா என்பது மட்டும் அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

அவளுடைய விளையாட்டு அப்படிப்பட்டது. துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டப் பனியில் சறுக்கி வர வேண்டும். வந்த கையோடு, நெஞ்சு படபடக்க, ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். பட்டால் வட்டம் வெள்ளையாகும். படாவிட்டால் தண்டனையாக இன்னொரு சுற்று ஓட வேண்டும்.

அணிக்கு ஆள் எடுத்த அன்று, கடைசி இடத்துக்கு ரிம்மாவும் அவளுடைய அறைத்தோழி ஸோயாவும் போட்டியாக நின்றார்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் சுட்டார்கள். ஐந்தாவது தடவை ரிம்மாவின் கை துள்ளியது. குண்டு எங்கேயோ போகிறது என்று தோளுக்கே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் வட்டம் வெள்ளை. அதே கணத்தில் ஸோயாவும் சுட்டிருந்தாள். அவளுடைய கடைசி வட்டம் கறுப்பாகவே நின்றது. அவசரத்தில் பக்கத்து ஆளின் வட்டத்தைச் சுட்டுவிடுவது அந்த விளையாட்டில் நடக்கிற காரியம்தான். ஸோயா ஒன்றும் கேட்காமல் தண்டனைச் சுற்றை ஓடி முடித்து, ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்த ஸோயா மொன்றியலில் இருக்கிற தன் மகளைப் பார்க்க வந்திருக்கிறாள். இன்றைக்கு மத்தியானம் ரிம்மாவின் வீட்டுக்கு வருகிறாள்.

“இஞ்சருங்கோ, நான் அவளுக்குச் சொல்லப்போறன்,” என்றாள் ரிம்மா.

குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அரியரத்தினம் திரும்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போய், அங்கேயே தங்கி ரிம்மாவைக் கட்டியவர் அவர். மொன்றியலை ஒட்டிய இந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வந்து இருபது வருடமாகிறது. இங்கே அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். சண்டை பிடிப்பது மட்டும் யாழ்ப்பாணத் தமிழில்.

“எதைச் சொல்லப்போறீர்?”

“என்ர கை துள்ளினதை.”

“விசரே உமக்கு? ஒரு குண்டுக்கு முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு விசாரணைக் கொமிசன்! எங்கட நாட்டிலயே இவ்வளவு இழுக்கேல்லை.”

“பகிடி விடாதேங்கோ. அவளின்ர இடத்தை நான் எடுத்தனானோ எண்டு எனக்குத் தெரிய வேணும். அவளைக் கேட்டால் தெரியும். சுட்ட கைக்குத் தெரியாமல் இராது.”

“அப்ப உம்மட கைக்கு ஏன் தெரியேல்லை?”

ரிம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அதுவும் யார் மேல் என்று தெரியாமல் போய்விட்டது.

ஸோயா சிரித்துக்கொண்டே வந்தாள். ஆள் நன்றாகப் பருத்திருந்தாள். றோல்ஸின் உறைப்பில் கண்ணீர் வடிய, “அந்த நாளில இதைத் தந்திருந்தால் நாங்கள் ஒருத்தரையும் முந்த விட்டிருக்க மாட்டம்!” என்றாள். மூவரும் பேசியது ரஷ்ய மொழியில்தான்.

“இப்பவும் சுடுறனியோ?” என்று ரிம்மா மெல்லக் கேட்டாள்.

“இல்லை, பழக்கிறன். ஊரில இருபத்தைஞ்சு வருசமாப் பிள்ளையளைப் பழக்கிறன். முதல் நாளே என்ர கதையைத்தான் சொல்லுவன். நான் பிழை விட்டன், வட்டம் கறுப்பா நிண்டது, வாய் திறக்காமல் சுத்தை ஓடினன். வட்டம் பொய் சொல்லாது பிள்ளையள், அழாமல் ஓடுங்கோ எண்டு. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருசம் எடுத்தது ரிம்மா. பேந்துதான் நிம்மதி.”

அரியரத்தினம் மேசைக்கு மேலால் ரிம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். வேண்டாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் சொல்லாவிட்டால் இன்னொரு தரமும் பொய்க்குத் தலையாட்டியது போலாகும். சொன்னால் அது உண்மையா? கை துள்ளியது நிசமா, இல்லை, நினைத்து நினைத்துத் தானே துள்ள வைத்ததா? எது நியாயம் என்று பிடிபடுவதற்குள் வாய் திறந்துவிட்டது.

“ஸோயா, அண்டைக்கு என்ர கடைசிக் குண்டு படேல்லை எண்டு நினைக்கிறன். கை துள்ளினது. என்ர வட்டத்தில பட்டது உன்ர குண்டாயிருக்கும்.”

ஸோயாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

“நினைக்கிறியோ, தெரியுமோ?”

“தெரியாது. உனக்குத் தெரியும் எண்டுதான்...”

ஸோயா வலது கையைத் தூக்கிச் சுட்டுவிரலை மடக்கிப் பார்த்தாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பது போலிருந்தது.

“நான் சொன்னது பிழையோ? ஏதாவது சொல்லு, ஸோயா.”

ஸோயா எழுந்தாள். கோட்டைப் போட்டாள். குனிந்து சப்பாத்து நாடாவை இரண்டு தடவை பிழையாகக் கட்டி, மூன்றாம் தடவை சரியாகக் கட்டினாள். கூட்டிப்போக மகள் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. ஸோயா கதவைத் திறந்து, உருகியும் உருகாமலும் கிடந்த மார்ச் மாதப் பனியில் இறங்கி, தெருவோடு நடந்து போனாள்.