பாப்பம்மா குனியவில்லை

நடக்கத் தெரிந்த எல்லோரும் திங்கட்கிழமை காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நின்றாக வேண்டும் என்பது ஜப்பான்காரன் போட்ட உத்தரவு. மருதம்மாளின் மகள் பாப்பம்மாவுக்கு நடக்கத் தெரியும். மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நடப்பாள், ஓடுவாள், ஏறக்கூடாத இடத்திலெல்லாம் ஏறுவாள். சொன்னதைச் செய்ய மட்டும் வராது.

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளை அறியாதவர்கள் இல்லை. ஆயாக் கொட்டகைப் பிச்சையம்மாள் பதினைந்து பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பவள். பாப்பம்மாவை மட்டும் நான்கே நாளில் கொண்டுவந்து தாயிடம் விட்டுவிட்டாள். அதன்பிறகு மருதம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனாள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நடுகிற வேலை. தாய் நட்ட குச்சியை மகள் பின்னாலேயே வந்து பிடுங்குவாள். ஏன்டி என்று கேட்டால், தலைகீழாக இருக்கிறது என்பாள். சில சமயம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சூடு போடு என்றாள் ஒருத்தி. மிளகாய்ப் புகை காட்டு என்றாள் இன்னொருத்தி. அப்பன் கண்டிப்பு இல்லாத பிள்ளை வேறெப்படி இருக்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். அப்பன் இருளப்பன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அதற்குப் பின் ஒரு சேதியும் இல்லை. யார் பேச்சையும் தட்டாத மனிதன் அவன். லாரியில் ஏறு என்றார்கள், ஏறினான். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறியதை மருதம்மாள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்தும் வரவில்லை. அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை ஜப்பான் அதிகாரி வந்து இறங்கியதும், வணக்கம் செய்யச் சொல்லி வேலை மேற்பார்க்கும் மண்டோர் பக்கிரிசாமி குரல் கொடுத்தார். நூற்றிருபது பேரும் இடுப்பு வரை குனிந்தார்கள். பிள்ளைக்காரிகளை முன்வரிசையில் நிறுத்துவது மண்டோரின் வழக்கம். அந்த முன்வரிசையில் பாப்பம்மா மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். மருதம்மாள் அவள் பிடரியில் கைவைத்து அழுத்தினாள்.

"மாட்டேன்," என்றாள் பாப்பம்மா. களம் முழுக்கக் கேட்டது.

அதிகாரி நெருங்கி வந்தான். பிள்ளையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிள்ளையும் அவனை உற்றுப் பார்த்தது. பிறகு அவன் மருதம்மாளை நிமிரச் சொல்லிக் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் இரண்டடி தள்ளிப் போய் விழுந்தாள். காதுக்குள் வண்டு பறப்பதுபோல் இரைச்சல்.

அவன் போனதும் மண்டோர் வந்தார். அடுத்த திங்கட்கிழமைக்குள் பிள்ளையைப் பழக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சயாமுக்கு அனுப்பும் ஆள் பட்டியலில் மருதம்மாளின் பெயரும் ஏறும், பிள்ளை இங்கேயே கிடக்கும் என்றார். பிரட்டுக்குப் போகும்முன் கடுகளவு அபின் கொடுத்தால் பிள்ளை தூங்கிவிடும் என்று ஒரு வழியும் சொன்னார். பிள்ளைக்கு அபின் கொடுக்கிற கை தன் கை இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் மருதம்மாள் பழக்கத் தொடங்கினாள். குனிந்து காட்டினாள், விளையாட்டுப் போலச் சொன்னாள், சர்க்கரை வள்ளிக்கிழங்கு தருவதாகக் கெஞ்சினாள். பாப்பம்மா கிழங்கை வாங்கித் தின்றுவிட்டு நிமிர்ந்தே நின்றாள். அறை வாங்கி வீங்கிய கன்னம் மருதம்மாளுக்கு விண்விண்ணென்று தெறித்தது. அடுப்படியில் கிடந்த குச்சியை மருதம்மாள் எடுத்தாள். பிள்ளையின் காலில் ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளை வீரிட்டு அழுதது. அழுதுகொண்டே முதுகை இன்னும் விறைப்பாக்கிக்கொண்டது.

நாலாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. காலையில் தன் முகத்துக்கு நேரே ஓங்கிய கை அவள் கண்முன் வந்தது. அவனுடைய வேலையைத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து தானே செய்துகொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. குச்சியை ஒடித்து அடுப்பில் போட்டாள். பிள்ளையின் காலில் தேங்காய் எண்ணெய் தடவும்போது அவளுக்கும் அழுகை வந்தது. இவளைக் குனிய வைக்கப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மரவள்ளிக் காட்டில் பெண்கள் வரிசையாகக் குனிந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து மண்டோர் சத்தம் போட்டார். பிள்ளையை எங்கே விட்டாய், காட்டுக்குள் ஓடிவிட்டாளா என்று கேட்டார். மருதம்மாள் திரும்பிப் பார்த்தாள். பாப்பம்மா எங்கேயும் போகவில்லை. காளியம்மாவின் பின்னால் இரண்டு முழத் தூரத்தில் நின்று மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தாள். காளியம்மா அகலமான பெண்பிள்ளை. குனிந்திருந்த அவள் முதுகு பிள்ளையை முழுக்க மறைத்திருந்தது.

மருதம்மாள் நடுவதை விட்டுவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று திரும்பும் வழியில் காளியம்மாவிடமும் வேறு மூன்று பேரிடமும் பேசினாள். கண்டுபிடித்தால் எல்லோருக்கும் அடி என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

காளியம்மா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "குனியத்தானே சொல்றான். குனிஞ்சு தொலைப்போம். பின்னால என்ன நிக்குதுன்னு நமக்கு என்ன தெரியும்லா," என்றாள்.

திங்கட்கிழமை மருதம்மாள் கடைசி வரிசையில் போய் நின்றாள். முன்னால் காளியம்மாவும் மற்ற மூவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மண்டோர் கவனித்துவிட்டார்.

"மருதம்மா, முன்னுக்கு வா. புள்ளக்காரியெல்லாம் முன்வரிசை."

"மாட்டேன்," என்றாள் மருதம்மாள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சாலைத் திருப்பத்தில் லாரிச் சத்தம் கேட்டது. மருதம்மாள் நகரவில்லை.

"அடிங்கண்ணே. அடிச்சா இவ கத்துவா, நிறுத்த மாட்டா. அவன் இறங்குறப்ப களம் இப்படி இருந்தா மொத அறை யாருக்கு விழும்னு நீங்களே பாத்துக்குங்க."

பக்கிரிசாமி பிள்ளையைப் பார்த்தார். பாப்பம்மா வாயைத் திறந்து தயாராக நின்றாள். அவர் கையை இறக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

வணக்கத்துக்குக் குரல் எழுந்தது. எல்லா முதுகும் தாழ்ந்தது. மருதம்மாளும் குனிந்தாள். குனிந்தபடியே பக்கவாட்டில் பார்த்தாள். பாப்பம்மா விறைத்து நின்று தொப்பையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பேசாதே என்று மருதம்மாள் அவளிடம் சொல்லி வைக்கவில்லை. சொன்னால் நிச்சயம் பேசுவாள்.

பூட்ஸ் சத்தம் வரிசைக்கு வரிசை நெருங்கியது. காளியம்மாவுக்கு நேரே வந்து நின்றது. காளியம்மா இன்னும் தாழக் குனிந்து முந்தானையைப் பக்கவாட்டில் அகல விரித்தாள். பூட்ஸ் திரும்பி நடந்தது.

லாரி கண்ணுக்கு மறைந்தது. பிறகு காளியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற பிள்ளையைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மற்ற மூவருக்கும் தொற்றியது.

அடுத்த வாரம் பிச்சையம்மாள் தன் பேத்தியைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் விட்டாள். அதற்கடுத்த வாரம் அங்கே ஏழு பிள்ளைகள் நின்றன. மண்டோர் வரிசைகளை எண்ணும்போது அந்தப் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. மருதம்மாளின் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

ஏழு பிள்ளைகள் நின்ற அன்று சாயங்காலம் லயத்துக் குழாயடியில் பாப்பம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அடம்பிடித்தாள். மரவள்ளிக் காட்டு மண் முடியோடு ஒட்டி இறுகிக் கிடந்தது. மருதம்மாள் அவளை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்து, கத்தக் கத்த மூன்று வாளி ஊற்றித் தேய்த்து விட்டாள். இதில் மட்டும் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.