டார்லீன் கொண்டுவந்த வாளி

அண்ணன் எல்ராய் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு விருந்துக்கு எங்கள் பூர்வகுடி ஊரான பைன் ரிட்ஜின் சமூகக்கூடத்தில் ஊரே கூடிவிட்டது. இறைச்சி சூப்பும் பொரித்த ரொட்டியும் தயார். காட்டுச்செர்ரிக் கூழ் மட்டும் பாக்கி. அதைத் தானே செய்வதாகச் சொல்லியிருந்த அண்ணி டார்லீன், மினியாபொலிஸிலிருந்து ஒரு வாளிப் பழத்துடன் வந்திறங்கினாள். அவள் பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள்.

பிள்ளையைப் பட்டணத்துக்கு இழுத்துப் போனவள் என்று என் அம்மாவுக்கு அவள்மேல் கோபம். இன்று ஒரு குறை கண்டாலும் போதும், அடியோடு ஒதுக்கிவிடுவாள்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் செர்ரி நீளக் காம்பில் சரமாகத் தொங்கும். இதுவோ குச்சியோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றைப் பிதுக்கினேன். ஒற்றைக் கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விதைகள். பட்டணத்தில் வேலிக்கு வைத்துக் காடாகப் பரவிய பேதிப்பழம் இது. எங்கள் செர்ரிப் பட்டைக் கஷாயம் பேதியை நிறுத்தும். இந்தச் சனியன் ஆரம்பித்துவைக்கும்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். முதல் தட்டு அண்ணன் பேரில் வைக்க வேண்டும். பிறகு கிழவர்கள் சாப்பிடுவார்கள். சொன்னால் அண்ணி இனி இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். சொல்லாமல் எப்படி இருப்பது?

நாத்தனாரும் அண்ணியும் கேலி பேசாவிட்டால் எங்கள் மக்களிடையே அது பகையின் அடையாளம். அடக்கத்தன்றிலிருந்து நானும் அவளும் பேசியதே இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அண்ணி, எங்கண்ணனைத்தான் கூட்டிட்டுப் போயிட்டே," என்றேன். "இப்ப ஊரையே கக்கூஸுக்கு அனுப்பப் பாக்கறியா?"

அம்மா திரும்பினாள். பிதுக்கிய பழத்தை நீட்டி, இது நம் செர்ரி இல்லை என்றேன். அண்ணியின் முகம் வெளுத்தது. விதைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"உங்கண்ணனா இருந்தா, நான் செஞ்சதாச்சேன்னு ரெண்டு கிண்ணம் தின்னுட்டு வாயே திறந்திருக்க மாட்டார்," என்றாள். "அவருக்கும் சேத்து வாய் உனக்குல்ல இருக்கு."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே அழுதாள். பிறகு தன் பையைத் திறந்து, இடித்துக் காயவைத்த செர்ரி வில்லைகளை எடுத்தாள். எல்ராய்க்கென்று அவள் தட்டிவைத்தவை. அவன் போனபின் எங்களில் யாரையும் அதைத் தொடவிட்டதில்லை.

அண்ணியின் கையில் வைத்தாள்.

"ஊறப்போடு," என்றாள். "என் பிள்ளைக்கு நீயே செய்."