பள்ளிக்கூடம் எந்த மாப்பிள்ளைக்கு

மாமியார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. மனைவியின் தங்கையைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒரே கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில்தான் வேலை. சின்னவனுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே பெரிய மாப்பிள்ளைதான். வந்த முதல் நாளே அவன் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "என்ன சகலை, என் மேசை எங்கே?" என்றான். அன்றிலிருந்து அலுவலகம் முழுவதற்கும் அவன் சகலை ஆகிவிட்டான். வாசல் காவலாளிகூட, "சகலை சார் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார். பெரிய மாப்பிள்ளை வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

அவர் அங்கே சேர்ந்து தலை நரைத்துவிட்டது. ஊரில் நிற்கும் பல கட்டடங்களில் படிக்கட்டு அவருடையது, மழைத்தண்ணீர் வடிகிற சரிவு அவருடையது, கழிவறைக் கதவு யார்மேலும் இடிக்காமல் திறப்பது அவருடைய புண்ணியம். முழுசாக அவருடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கட்டடம்கூடக் கிடையாது. இப்போது ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. அதன் தலைமைப் பொறுப்பு தனக்கே வர வேண்டும் என்று அவர் கிடந்து தவித்தார்.

நிறுவனத்தை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். சார் பாதி நாள் வெளியூர்க் கட்டுமானங்களில் இருப்பார்; அலுவலகம் மேடம் கையில். வருடத்துக்கு ஒரு தடவை வாடிக்கையாளர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் பாய்மரப் படகில் போவார்கள். இந்த வருடம் படகு கரையை விட்டுக் கிளம்பியதுமே பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் ஓரமாகக் குனிந்துகொண்டிருந்த நேரத்தில், படகோட்டி சுக்கானைச் சகலையிடம் கொடுத்துப் பார்த்தார். அவன் படகிலேயே பிறந்தவன்போலத் திருப்பினான். பாய் பட்டென்று விம்மியது.

"காத்தை என்னமா புரிஞ்சுக்கறான் பாருங்க!" என்றார் மேடம்.

"எங்க சகலை கத்துக்கொடுத்ததுதான் மேடம் எல்லாம்" என்றான் அவன். "சகலை, எழுந்து பாருங்க, கரை எவ்வளவு அழகா இருக்கு!"

பெரிய மாப்பிள்ளையால் நிமிர முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

நிறுவனத்தின் செய்திப் பக்கத்தை எழுதுவதும் அவர் தலையில்தான் இருந்தது. வாரக்கடைசியில் தயார் செய்து வைத்தால் திங்கட்கிழமை காலை அது தானாகவே இணையத்தில் ஏறிவிடும். இந்த வாரம் படகுப் பயணம் ஒரு செய்தி, பள்ளிக்கூடம் இன்னொன்று.

"பொறுப்பு யாருக்குன்னு அடுத்த வாரம் சொல்றேன்" என்றார் மேடம். "அந்தச் செய்தியை மட்டும் தனியா எடுத்து வைங்க."

படகுச் செய்தியை எழுதப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுக்கானோடு சகலை சிரிக்கிற படத்தை மேடமே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். அடுத்து, பள்ளிக்கூடப் பொறுப்பு இன்னாருக்கு என்கிற தலைப்பு. வடிவமைப்புக்காரர்களால் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவைக்க முடியாது. வரப்போகிற எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க, ஒப்புக்கு எதையாவது போட்டு வைப்பார்கள். அவர் முதலில் சகலையின் பெயரைப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரே வரியில் உட்கார்ந்தது. வயிறு எரிந்தது. அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். இரண்டாம் வரிக்கு வழிந்தது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினார், அடங்கியது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுத் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டத்திலிருந்து பார்த்தார். பார்த்த மயக்கத்தில், அந்தச் செய்தியைத் தனியே எடுத்து வைக்காமல் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மாமியார்தான் முதலில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, பாத்தேன்! பள்ளிக்கூடம் உங்களுக்குத்தானாமே! சின்ன மாப்பிள்ளைதான் அடிச்சிட்டுப் போவாருன்னு நெனச்சேன். வாயைத் தொறந்து கேட்டுட்டீங்களாக்கும்?"

அலுவலகம் போனதும் மேடம் அறைக்கு ஓடினார். மேடம் அப்போதுதான் போனை வைத்தார்.

"பள்ளிக்கூடத்துலேருந்துதான் பேசினாங்க. அனுபவமுள்ள ஆளைப் போட்டிருக்கீங்க, சந்தோஷம்னாங்க. சார் உங்களைச் சொல்லிட்டாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. நான் வேற ஒருத்தரை நெனச்சிருந்தேன். சரி, போகட்டும்."

அந்த வேறு ஒருத்தர் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பெரிய மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

தன் மேசைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சகலையின் முகத்தைத் தேடினார். இத்தனை வருடம் தனக்குள் எரிந்ததில் ஒரு பொறியாவது அதில் தெரியாதா? சகலையோ இரண்டு கையிலும் டீயோடு வந்தான்.

"பின்னிட்டீங்க சகலை! இன்னிக்கு டீ என் கணக்கு."

முகம் தெளிவாக இருந்தது. மறுநாளும் அப்படித்தான். பள்ளிக்கூட வரைபடத்தை மேசையில் விரித்தபோதெல்லாம் பெரிய மாப்பிள்ளைக்குக் கண் வரைபடத்தில் நிற்கவில்லை, எதிர் மேசைக்கே ஓடியது. வீட்டில் மனைவியிடம் துருவிப் பார்த்தார்.

"உன் தங்கச்சி ஏதாவது சொன்னாளா? அவன் வருத்தப்பட்டானாமா?"

"அவருக்கென்ன வருத்தம்? ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போனாங்களாம். நீங்க ஏன் ஜெயிச்சும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மொட்டை மாடியில், சகலை டப்பாவை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்:

"அந்தத் தலைப்பு நீங்க அளவு பாக்கப் போட்டதுதானே சகலை?"

அவர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார்.

"எழுத்து வழக்கத்தைவிடச் சின்னதா இருந்துச்சு. சாரே பேரைச் சொல்லியிருந்தா நீங்க ரெண்டு வரியாப் பிரிச்சு அழகாப் போட்டிருப்பீங்க. பரவாயில்ல, நானா இருந்தாலும் என் பேரைத்தான் போட்டுப் பாத்திருப்பேன்."

"மேடம்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்கு? நீங்க எவ்வளவு ஆசைப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு வயசிருக்கு. இன்னொண்ணு வரும்." தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஆக, பள்ளிக்கூடம் அவன் போட்ட பிச்சை! சுக்கானும் அவன் கையில், பாராட்டும் அவன் கையில், இப்போது பெருந்தன்மையும் அவன் கையில். மாமியார் வீட்டு ஒவ்வொரு விசேஷத்திலும் அவன் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். கட்டடத்தை விட்டுக்கொடுத்தாலும் கொடுக்கலாம், இந்தப் பெருந்தன்மையை அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

நேராக மேடம் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"மேடம், சார் என் பேரைச் சொல்லல. அளவு பாக்க நான் போட்டது, அப்படியே போயிடுச்சு. நீங்க கேட்டப்போ நான் சொல்லியிருக்கணும், சொல்லல. பள்ளிக்கூடத்தைச் சகலைகிட்டயே குடுத்துடுங்க. நான் செய்தியைத் திருத்திடறேன்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து கூடத்துக்கு வந்து கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். பள்ளிக்கூடம் இனி சகலை பொறுப்பு என்றும் சொன்னார். ஆனால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

"கைக்கு வந்த கட்டடத்தைத் தானா வந்து திருப்பிக் குடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்க?" என்றார்.

பெரிய மாப்பிள்ளை தன் மேசைக்குத் திரும்பியதும் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கணக்காளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரைவாளர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கைதட்ட ஆரம்பித்து அது கூடம் முழுக்கப் பரவியது.

அவர் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். எதிர் மேசையில் சகலை தனியாக நின்றிருந்தான். அவனை யாரும் வாழ்த்தவில்லை. கையைத் தட்டினான், சத்தம் வரவில்லை. உதடு சிரிப்புக்கு முயன்று பாதியில் கோணிக்கொண்டது. கண் இவரை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். முகம் மழிக்கிறபோது தினமும் கண்ணாடியில் பார்க்கிறதுதான்.

"வாழ்த்துகள் சகலை!" என்று கூடத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டார் பெரிய மாப்பிள்ளை. பிறகு உட்கார்ந்து, அவன் பெயரைத் தலைப்பில் போட்டார். எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருக்கவில்லை.